விமானச் சத்தம் குறைகிறதா, இடம் மாறுகிறதா?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர் புகார் எழுதுகிறார்: அதிகாலை நாலரைக்கு ஜன்னல் அதிர்ந்தது, அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அதிகாரியிடமிருந்து பதில் வருகிறது: உங்கள் பகுதியின் ஆண்டுச் சராசரி 61 டெசிபல், வரம்புக்குள்தான் இருக்கிறது. உலகத்தில் எந்த விமான நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கடிதப் போக்குவரத்து ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசவும் இல்லை. ஒருவர் ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்கிறார், மற்றவர் ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்கிறார்.

அறுபது ஆண்டுகளாக அரசுகள் இந்தச் சத்தத்தைக் குறைக்க என்னென்னவோ செய்துவருகின்றன. சட்டங்கள், வழக்குகள், இரவுத் தடைகள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள், ஏன், கடலுக்குள் மண்ணைக் கொட்டித் தீவு கட்டி அதில் விமான நிலையத்தையே வைத்த கதைகூட உண்டு. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இதனால் சத்தம் குறைந்ததா, அல்லது வேறொருவர் வீட்டுக்குப் போனதா?

முதலில் அளவுகோலைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சண்டையில் பாதி அங்கேதான் இருக்கிறது. டெசிபலைச் சாதாரணமாகக் கூட்டிக் கழிக்க முடியாது. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது, 10 ஏறினால் பத்து மடங்காகிறது. ஆனால் காதுக்கு அந்தப் பத்து மடங்கு, சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும். இதை வைத்துச் சராசரி போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு உங்கள் தலைக்கு மேல் 200 விமானங்கள் போகின்றன, அரசு எல்லோரையும் பகைத்துக்கொண்டு அதை 100 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் இறங்குவது வெறும் 3 டெசிபல். இதையே திருப்பிப் போடலாம்: ஒவ்வொரு விமானமும் 3 டெசிபல் அமைதியாகிவிட்டது, அதனால் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம், சராசரிச் சத்தத்தைக் கோடுகளாகக் காட்டும் வரைபடத்தில் ஒரு கோடுகூட நகராது. காகிதத்தில் எதுவும் நடக்கவில்லை, ஆனால் வீட்டில் இருப்பவருக்கு இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைத்த அமைதி பாதியாகிவிட்டது.

சராசரி போடுகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. அதனால்தான் இரவு விமானத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் 10 டெசிபல் சேர்க்கப்படும், அதாவது இரவில் ஒன்று பகலில் பத்துக்குச் சமம். ஐரோப்பியக் கணக்கில் மாலைக்கும் 5 டெசிபல் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கடைசியில் அதுவும் ஒரு சராசரிக்குள்தான் கரைந்துபோகிறது.

சிட்னியில் இந்தக் குழப்பம் தெருவுக்கே வந்தது. 1994 நவம்பரில் அங்கே மூன்றாவது ஓடுபாதை திறக்கப்பட்டது. சராசரி வரைபடத்தில் கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தார்கள். விமானங்கள் வரத் தொடங்கியதும் வெடித்தது. அடுத்த ஆண்டு மாநிலத் தேர்தலில் விமானச் சத்தத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி போட்டியிட்டது என்றால் கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். பின்னால் 2000-ல் ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையே ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு, மக்களுக்குச் சராசரியைச் சொல்வதைவிட ஒரு நாளைக்கு எத்தனை விமானங்கள் 70 டெசிபலுக்கு மேல் கேட்கும் என்று எண்ணிச் சொல்வது மேல் என்றது. எழுபது என்பதற்குக் காரணம் உண்டு. வெளியே 70 இருந்தால், ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்குள் ஏறக்குறைய 60 கேட்கும், அங்கேதான் பேச்சு தடைபட ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அரசு எடுத்த மிக நேர்மையான அடிகளில் இதுவும் ஒன்று, இதற்கு ஒரு ஓடுபாதையைக்கூட மூட வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே 65 டெசிபல் என்ற சராசரிதான் கோடு. அதற்கு உள்ளே இருந்தால் வீட்டுக்கு ஒலித்தடுப்பு வேலைகளுக்கு உதவி கேட்கலாம், வெளியே இருந்தால் உங்கள் இடம் குடியிருக்க ஏற்றது என்று எடுத்துக்கொள்ளப்படும். இதற்குப் பின்னால், எவ்வளவு சத்தத்துக்கு எத்தனை பேர் தொந்தரவுபடுவார்கள் என்று காட்டும், 1978-ல் வந்த ஒரு வளைகோடு இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து வரையப்பட்ட அது, பின்னர் புதுப்பிக்கப்பட்ட வடிவத்தில், 65-ல் சுமார் 12 சதவீதம் பேர்தான் மிகவும் தொந்தரவுபடுவார்கள் என்றது. எஃப்.ஏ.ஏ., அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 20 விமான நிலையங்களைச் சுற்றி 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2021 ஜனவரியில் புதிய முடிவை வெளியிட்டது. அதே 65-ல் மிகவும் தொந்தரவுபடுவதாகச் சொன்னவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். பழைய வளைகோட்டில் தரைவழிப் போக்குவரத்துச் சத்தமும் கலந்திருந்தது, இடையில் விமானங்களின் எண்ணிக்கையும் பெருகிவிட்டது என்று விளக்கங்கள் உண்டு. எப்படியிருந்தாலும், ஒரு கொள்கையின் அடித்தளம் ஐந்து மடங்கு தப்பாகிப்போனது சின்ன விஷயமில்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் பரிந்துரைத்தது 45 டெசிபல், இரவுக்கு 40. அமெரிக்கக் கணக்கும் ஐரோப்பியக் கணக்கும் அச்சு அசலாக ஒன்றில்லை, இருந்தாலும் 65-க்கும் 45-க்கும் நடுவே உள்ள தூரம் அந்த வித்தியாசத்தால் விளக்கிவிடக் கூடியது அல்ல.

சரி, உண்மையிலேயே சத்தம் குறைந்த கதைக்கு வருவோம், ஏனென்றால் அதுவும் நடந்திருக்கிறது.

முதல் தலைமுறை ஜெட் என்ஜின்கள் காற்றை மிக வேகமாகப் பின்னால் பீய்ச்சின. பீய்ச்சும் வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பை லைட்ஹில் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் 1952-ல் கண்டுபிடித்தார்: சத்தத்தின் ஆற்றல் வேகத்தின் எட்டாவது அடுக்கைப் பொறுத்து ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தத்தின் ஆற்றல் 256-ல் ஒரு பங்காகிறது. வேகத்தைக் குறைத்தும் அதே உந்துவிசையை எப்படிப் பெறுவது என்றால், நிறையக் காற்றை மெதுவாகத் தள்ள வேண்டும். இன்றைய விமானங்களின் என்ஜின்கள் இத்தனை பருமனாக இருப்பதற்கு இதுதான் காரணம். பெரிய விசிறி, மெதுவான காற்று. உண்மையைச் சொன்னால், நிறுவனங்கள் இதற்கு ஓடிவந்தது எரிபொருள் மிச்சமாகும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்காக அல்ல. அரசின் வேலை, அந்த ஓட்டத்தை வேகப்படுத்தியது. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. 1971-ல் முதல் சத்த விதிகளைக் கொண்டுவந்தது. பிறகு 1977, 2006, 2017 என்று படிப்படியாக இறுக்கியது. பழைய சத்தக்கார விமானங்களை 1999 முடிவுக்குள் ஒழிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1990-ல் சட்டம் போட்டது, ஒழித்தும் காட்டியது.

இங்கே ஒரு பொடி எழுத்து இருக்கிறது. 2017-ல் வந்த விதி முந்தையதைவிட 7 டெசிபல் கடுமையானது என்று செய்திகளில் படிப்பீர்கள். அந்த 7 என்பது, விமானத்தைச் சோதிக்கும்போது சத்தத்தை அளக்கும் மூன்று இடங்களிலும் சேர்த்துக் கிடைக்கும் கூட்டுத்தொகை. அதாவது ஒரு இடத்துக்குச் சராசரியாக இரண்டரைகூட இல்லை. அந்த அளவு வித்தியாசத்தைக் காது கண்டுபிடிப்பதே கஷ்டம். அதுவும் புதிதாக வடிவமைக்கப்படும் விமானத்துக்குத்தான். ஏற்கனவே பறப்பவை இருபது, இருபத்தைந்து வருடம் பறந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரே ஒரு விமான நிலையத்தின் விதி உலகத்தின் மிகப் பெரிய பயணிகள் விமானத்தையே மாற்றியதும் உண்டு. பிரிட்டிஷ் அரசு 1993-ல் லண்டன் விமான நிலையங்களின் இரவு நேரத்துக்கு ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விமான வகைக்கும் அதன் சத்தத்தைப் பொறுத்துப் புள்ளிகள், 3 டெசிபல் கூடினால் புள்ளி இரண்டு மடங்கு. பருவத்துக்கு இத்தனை புள்ளிகள்தான் என்று ஒரு மொத்தக் கணக்கு. எண்ணிக்கைக்கும் தனியாக வரம்பு உண்டு. ஹீத்ரோவில் ஆண்டுக்கு 5,800 இரவு விமானங்கள். ஏர்பஸ் ஏ380-ஐ வடிவமைத்தபோது அதை வாங்கவிருந்த நிறுவனங்கள், லண்டனிலிருந்து இரவில் கிளம்பும்போது 2 புள்ளிக்கு மேல் போகக் கூடாது என்றன. அதற்காக, எரிபொருள் கணக்குக்கு எது சரியோ அதைவிடப் பெரிய விசிறி வைத்த என்ஜின் வந்தது. கொஞ்சம் எரிபொருள் வீணாகும், பரவாயில்லை என்று முடிவெடுத்தார்கள். ஹீத்ரோவின் இரவுக்காகச் செய்த மாற்றம், அந்த விமானம் போய் இறங்கிய எல்லா ஊர்களுக்கும் கிடைத்தது. இது குறைப்பு, சந்தேகமில்லை.

இன்னொரு குட்டிக் கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏ320 வகை விமானங்களின் இறக்கைக்கு அடியில், எரிபொருள் தொட்டியின் அழுத்தம் வெளியேற வட்டத் துளைகள் இருக்கின்றன. இறங்கும்போது அவற்றின் மேல் காற்று ஓட, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதே மாதிரி ஒரு ஊளை. வேறெந்த விமானத்திலும் இல்லாத அந்தக் கீச்சுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஜெர்மானிய விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். துளைக்கு முன்னால் ஒரு சின்னத் தகட்டை ஒட்டினால் போதும், சில தூரங்களில் 4 டெசிபல் வரை இறங்குகிறது. லுஃப்தான்சா 2014-ல் ஒட்ட ஆரம்பித்தது. பலர் ஒட்டவில்லை, விலை குறைவாக இருந்தும். லண்டனின் கேட்விக் விமான நிலையம் 2018 முதல், தகடு இல்லாத ஏ320-க்குக் கூடுதல் கட்டணம் போட்டதும் வேலை நடந்தது. அரசோ விமான நிலையமோ விலையில் கை வைத்தால்தான் காது கேட்கிறது.

இனி நகர்த்தும் கதைகள்.

விமானப் பாதையை மாற்றுவது அரசுக்குக் கைவசம் உள்ள மலிவான கருவி. சும்மா சொல்லவில்லை, சில மாற்றங்கள் உண்மையிலேயே பலன் தருபவை. படிப்படியாக இறங்கி, இடையிடையே மட்டமாகப் பறந்து, அதற்கு என்ஜினை முடுக்கி, மறுபடி இறங்குவதற்குப் பதில் ஒரே சரிவாக வழுக்கிக்கொண்டு இறங்கினால் சத்தமும் எரிபொருளும் மிச்சம். வழக்கமான 3 பாகைச் சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக்கினால் விமானம் வீடுகளுக்கு மேலே கூடுதல் உயரத்தில் இருக்கும்; பிராங்க்ஃபர்ட்டின் வடமேற்கு ஓடுபாதையில் 3.2 பாகையில் இறங்குகிறார்கள். அந்த 0.2-க்காக எத்தனை கூட்டங்கள் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் செயற்கைக்கோள் வழிகாட்டுதல் வந்த பிறகு ஒரு விபரீதம் நடந்தது. முன்பு விமானங்கள் ஒரே பாதையில் போனாலும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சில கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிப் போகும். இப்போது தண்டவாளம் போட்ட மாதிரி ஒரே கோட்டில் போகின்றன. பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை குறைகிறது, சராசரி வரைபடம் அழகாகச் சுருங்குகிறது, அந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறவர் தலையில் மொத்தமும் விழுகிறது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் எஃப்.ஏ.ஏ. இப்படிப் பாதைகளை மாற்றியது. பெரிய பாதிப்பு இல்லை என்று முன்கூட்டியே முடிவுகட்டி, விரிவான சுற்றுச்சூழல் ஆய்வைத் தவிர்த்திருந்தது. புகார்கள் குவிந்தன, நகராட்சியே வழக்குப் போட்டது, 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. பாதை தப்பா சரியா என்பதைவிட, யாரிடமும் ஒழுங்காகக் கேட்காமல் செய்ததுதான் அங்கே எடுபடவில்லை.

எல்லையைத் தாண்டியும் நகர்த்தலாம். சூரிக் விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் தெற்கு ஜெர்மனிக்கு மேலே பறந்துதான் இறங்கும். விமான நிலையத்தின் பலன் சுவிட்சர்லாந்துக்கு, சத்தம் ஜெர்மன் கிராமங்களுக்கு. 2003-ல் ஜெர்மனி, அதிகாலையும் இரவும், வார இறுதியில் இன்னும் நீண்ட நேரமும் தன் வான்வெளியைத் தாழ்வாகப் பறப்பவர்களுக்குக் கட்டுப்படுத்தியது. உடனே காலை ஆறு மணி விமானங்கள் தெற்கிலிருந்து, சூரிக்கின் வசதியான குடியிருப்புகளுக்கு மேலே வரத் தொடங்கின. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, தோற்றது. சத்தம் ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை. யாருடைய காலையில் கேட்கிறது என்பது மட்டும் மாறியது.

சிட்னி இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு பங்கு போட்டது. 1990-களின் பிற்பாதியில் வகுத்த திட்டத்தில், கடலிருக்கும் தெற்குப் பக்கம் 55 சதவீதம், அடர்ந்த குடியிருப்பு உள்ள வடக்குக்கு 17 சதவீதம் என்று இலக்கு வைத்து, ஓடுபாதைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும்படி செய்யப் பார்த்தார்கள். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் பிற்பகல் 3 மணிக்கு ஒரு ஓடுபாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் இதே யோசனைதான். மக்களிடம் கேட்டால், சராசரியில் ஒரு டெசிபல் குறைவதைவிட, இன்று மூன்று மணிக்கு மேல் நிம்மதி என்று உறுதியாகத் தெரிவதற்குத்தான் மதிப்பு அதிகம். வரைபடத்தில் இது தெரியவே தெரியாது.

இரவுத் தடைதான் எல்லாவற்றையும்விடச் சூடான விவகாரம். சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை தடை, 1995-லிருந்து சட்டமாகவே இருக்கிறது. பாரிஸின் ஓர்லியில் 1968-லிருந்து. பிராங்க்ஃபர்ட்டில் கதை நீளம்: புதிய ஓடுபாதை வேண்டுமானால் இரவுத் தடை உண்டு என்று மத்தியஸ்தப் பேச்சில் வாக்குக் கொடுத்துவிட்டு, அனுமதி ஆணையில் இரவுக்கு 17 விமானங்களை ஹெஸ்ஸே மாநில அரசு உள்ளே நுழைத்தது. 2011 அக்டோபரில் ஓடுபாதை திறந்தது, நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, 2012 ஏப்ரலில் லைப்ட்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இரவு 11 முதல் 5 வரை திட்டமிட்ட விமானங்கள் கூடாது என்று உறுதிசெய்தது. மக்கள் அதோடு விடவில்லை, திங்கள்கிழமைதோறும் விமான நிலையத்துக்குள்ளேயே கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

ஆனால் இரவுத் தடைக்குப் பின்னால் சரக்கு எங்கே போகிறது என்று யாராவது கேட்க வேண்டும். டி.எச்.எல். நிறுவனம் பிரஸ்ஸல்ஸில் இரவு விமானங்களை அதிகப்படுத்தக் கேட்டது, 2004-ல் பேச்சு முறிந்தது. நிறுவனம் தன் மையத்தை ஜெர்மனியின் லைப்ட்சிக்குக்குக் கொண்டுபோனது. 2008-ல் அங்கே திறந்தது, ராத்திரி பகல் பார்க்காமல் விமானம் வரலாம். வேலைவாய்ப்புக்குத் தவித்த அந்தப் பகுதி வரவேற்றது, ஓடுபாதைக்குப் பக்கத்தில் தூங்க முடியாதவர்கள் சங்கம் அமைத்தார்கள். மேலே சொன்ன நீதிமன்றம் இருக்கும் அதே லைப்ட்சிக்தான், கவனித்தீர்களா?

அமெரிக்காவில் இந்த வழி கிட்டத்தட்ட அடைக்கப்பட்டிருக்கிறது. 1990 சட்டம் ஒரு பேரம்: பழைய விமானங்களை நாடு முழுக்க ஒழிப்போம், பதிலுக்கு எந்த ஊரும் தன்னிஷ்டத்துக்கு இரவுத் தடை போடக் கூடாது. அதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொண்டவர்கள் தப்பித்தார்கள். கலிஃபோர்னியாவின் ஜான் வேய்ன் விமான நிலையத்தில் 1985 சமரசத்தின்படி இன்றும் இரவில் கிளம்ப முடியாது. பகலில் கிளம்பும் விமானமும் செங்குத்தாக ஏறி, கொஞ்ச உயரத்தில் என்ஜினைச் சட்டென்று தணிக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், விமானிகள் சில நேரம் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

விமானங்களின் எண்ணிக்கையிலேயே கைவைக்க முனைந்த அரசுக்கு என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் ஆண்டுக்கு 5,00,000 என்று இருந்த வரம்பை 4,40,000 ஆக்கப்போவதாக 2022 ஜூனில் அரசு அறிவித்தது. அவ்வளவு பெரிய நிலையத்தைச் சத்தத்துக்காகச் சுருக்குவது அதுவரை கேள்விப்படாதது. விமான நிறுவனங்கள் வழக்குப் போட்டன, அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்தது, ஐரோப்பிய ஆணையம் நடைமுறையைக் கேள்வி கேட்டது. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் 2001-ல் ஐ.சி.ஏ.ஓ. ஏற்றுக்கொண்ட கொள்கை: முதலில் விமானத்திலேயே சத்தத்தைக் குறை, அப்புறம் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடு, பறக்கும் முறையை மாற்று, தடை விதிப்பதை எடுத்த எடுப்பில் கையிலெடுக்காதே. ஐரோப்பாவில் இது 2014-லிருந்து சட்டமும்கூட. 2023 நவம்பரில் அரசு பின்வாங்கியது. நான்கே மாதத்தில், 2024 மார்ச்சில், ஹேக் மாவட்ட நீதிமன்றம் எதிர்த் திசையில் அடித்தது: அரசு பல ஆண்டுகளாக விமானப் போக்குவரத்தின் நலனை முன்னே வைத்து, குடியிருப்பவர்களைக் காக்கத் தவறிவிட்டது, இது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் தனிவாழ்வையும் வீட்டையும் காக்கும் 8-வது பிரிவை மீறுவது, ஒரு வருடத்துக்குள் சரிசெய். அந்த ஆண்டு முடிவில் அரசு வந்து நின்ற எண் 4,78,000.

இதே 8-வது பிரிவை வைத்து ஹீத்ரோ பக்கத்து மக்களும் முன்பு போராடினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2001-ல் வென்றார்கள், 2003-ல் அதே நீதிமன்றத்தின் பேரவையில், அதாவது கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வில், தோற்றார்கள்.

பணமோ ஜன்னலோ கொடுத்துச் சமாளிப்பது இன்னொரு வழி, அதுதான் பழையதும்கூட. இரண்டாம் உலகப்போரின்போது வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணைக்கு மேல் ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, சுமார் 150. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு வானம் வரை சொந்தம் என்ற பழைய நம்பிக்கையை 1946-ல் நீதிமன்றம் தூக்கிப்போட்டது, ஆனால் இவ்வளவு தாழ்வாக அடிக்கடி பறப்பது நிலத்தையே எடுத்துக்கொள்வதற்குச் சமம், எனவே அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்றது. இன்றைய இழப்பீடுகளுக்கெல்லாம் பாட்டன் அந்தக் கோழிகள்தான்.

வீடுகளையே வாங்கி இடித்ததும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு மேற்கே கடலோரத்தில் ஒரு அழகான குடியிருப்பு இருந்தது; 1960-களிலும் 70-களிலும் சுமார் 800 வீடுகள் போயின. வேலிக்குப் பின்னால் தெருக்கள் இன்னும் இருக்கின்றன, வீடுகள் இல்லை. அங்கே இப்போது பாதுகாக்கப்படுவது எல் செகுண்டோ என்ற அரிய நீல வண்ணத்துப்பூச்சி.

பெரும்பாலான இடங்களில் கிடைப்பது ஜன்னல்தான். பிரான்ஸ் விமான நிறுவனங்களிடம் சத்த வரி வசூலித்து வீடுகளுக்கு ஒலித்தடுப்பு செய்துகொடுக்கிறது, ஜப்பான் 1967-லேயே சட்டம் போட்டுத் தொடங்கியது. தூக்கத்துக்கு நிச்சயம் உதவும். ஆனால் ஜன்னலை மூடியே வைத்திருக்க வேண்டும், காற்றுக்கு வேறு வழி செய்ய வேண்டும், மாடியிலும் தோட்டத்திலும் உட்காரும் வாழ்க்கையை மறந்துவிட வேண்டும். இது சத்தத்தைக் குறைப்பதா? மனிதரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது என்று சொன்னால் கொஞ்சம் காட்டமாக இருக்கும், ஆனால் தப்பில்லை.

ஸ்கிபோலில் மட்டும் ஒரு விசித்திரமான விதிவிலக்கு. 2003-ல் திறந்த ஓடுபாதையிலிருந்து, விமானம் கிளம்ப உறுமும்போது தாழ்ந்த முழக்கம் சமதரையில் உருண்டு தூரத்துக் கிராமங்கள் வரை வந்தது. இலையுதிர்காலத்தில் பக்கத்து வயல்களை உழுத பிறகு சத்தம் கொஞ்சம் தணிவதை மக்கள் கவனித்தார்கள். உழவுச்சால்கள் ஒலியைச் சிதறடிக்கின்றன! அதைப் பெரிதாக்கி, சுமார் 150 மண் வரப்புகளை அடுக்கி, நடுநடுவே நடைபாதையும் வைத்து 2013-ல் ஒரு பூங்காவாகவே திறந்துவிட்டார்கள். மேலே பறக்கும் விமானத்துக்கு இது பயன்படாது, தரையோடு வரும் சத்தத்துக்கு மட்டும்தான். இருந்தாலும் யார் வீட்டுக்கும் நகர்த்தாமல் நிஜமாகக் குறைத்த ஒன்று.

கடைசி ஆயுதம், விமான நிலையத்தையே தூக்கிக்கொண்டு போவது. ஒசாகாவின் இடாமி நிலையத்தைச் சுற்றியிருந்தவர்கள் 1969-ல் வழக்குப் போட்டார்கள். 1981-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் பட்ட துன்பத்துக்குப் பணம் கொடுக்கச் சொன்னது, இரவுப் பறப்பை நிறுத்த ஆணையிட மறுத்தது. அரசு கடலில் செயற்கைத் தீவு அமைத்து 1994-ல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தது. கரையிலிருந்து தள்ளி, 24 மணி நேரமும் இயங்கலாம். இடாமியை மூடிவிடலாம் என்ற நிலை வந்தபோதோ, அதை மூடச் சொல்லிக் கத்திய ஊர்களே வேலையும் வருமானமும் போய்விடும் என்று வேண்டாம் என்றன. இரவு 9 முதல் காலை 7 வரை தடையோடு இடாமி இன்றும் ஓடுகிறது. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சத்தத்தையும் சம்பளத்தையும் ஒரே இடத்திலிருந்து வாங்குகிறவர்களுக்கு வேறு என்ன வழி?

மியூனிக்கில் இடமாற்றம் முழுதாக நடந்தது. நகரத்தை ஒட்டியிருந்த ரீம் விமான நிலையத்தை 1992 மே மாதம் மூடி, புதியதைத் தள்ளி ஒரு கிராமப்புறத்தில் திறந்தார்கள். தேதி முன்பே தெரிந்ததால் ஆய்வாளர்கள் இரண்டு இடத்திலும் சுமார் பத்து வயதுப் பிள்ளைகள் 326 பேரை, மாற்றத்துக்கு முன் ஒரு தடவையும் பின் இரண்டு தடவையும் சோதித்தார்கள். பழைய நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்கள் இருந்தவரை பின்தங்கியிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நீண்டகால நினைவும் சத்தம் நின்ற பிறகு தேறின. புதிய நிலையத்துக்குப் பக்கத்தில், அதுவரை அமைதியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதே இரண்டும் இறங்கின.